ஆத்தா சொன்னால்தான் கேட்பீர்களா

பெருந்தொற்றுக்குப் பிறகு என்னைக் கண்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? மருத்துவர் கேட்டார், கணவர் கேட்டார், பள்ளியில் உடன் பணியாற்றுவோர் கேட்டார்கள், திருமண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். நான் ஓர் எண்ணைச் சொல்வேன். எண் சிறியதாக இருந்தால் முகம் மலர்வார்கள். பெரியதாக இருந்தால் முந்தின நாள் என்ன தின்றேன் என்று விசாரிப்பார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அம்மனை நம்பி வாழும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கோபம் தணிந்த பின் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். கோபம் தணியவில்லை. ஆகவே கோபத்தோடே எழுதுகிறேன். நன்றியும் கோபமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அந்த அம்மனே எனக்குக் காட்டினாள்.

என் பெயர் செல்வி. மதுரையில் ஒரு மேனிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் பெற்றோர் மேலூர்ப் பக்கத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள். அவர்களுக்கு நானும் என் தம்பி கதிரேசனும் பிள்ளைகள். இருவரும் படித்தோம், இருவருக்கும் வேலை கிடைத்தது, இருவருக்கும் நாற்பதைத் தொடுமுன் சர்க்கரை நோய் வந்தது. என் கணவர் முத்துராமன் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஒத்தக்கடையில், யானைமலை தெரியும் ஒரு புதுக் குடியிருப்பில் வீடு கட்டிக் குடிவந்தோம். அடுத்த வீட்டில் என் கணவரின் அக்காள் பாண்டியம்மாள் இருக்கிறார். தெருமுனை மாரியம்மன் கோயிலில் பெண்கள் வழிபாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

தொற்றின் இரண்டாம் அலையில் தம்பியும் நானும் ஒரே வாரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோம். இருவரும் வெவ்வேறு கூடங்களில் இருந்தோம். மூச்சுக்குக் கொடுத்த மருந்தால் என் சர்க்கரை எகிறியது. அதுவரை மாத்திரையோடு இருந்தவள் இன்சுலினுக்கு வந்தேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், தேறி வருகிறான் என்றார் என் கணவர். நானும் நம்பினேன். வீடு திரும்பி, சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று உறுதியான பிறகே உண்மையைச் சொன்னார்கள். நான் அவனுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பச் சொல்லிக்கொண்டிருந்த நாள்களில் அவன் எரிந்து சாம்பலாகியிருந்தான்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பாண்டியம்மாள் சொன்ன விடை இன்றும் என் காதில் இருக்கிறது.

"கவலப்பட்டா சுகர் ஏறும்னு டாக்டர் சொன்னாரு செல்வி. ஒன்னோட நல்லதுக்குத்தான்."

இனி அழவாவது விடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. நான் கண்ணைத் துடைத்தால் போதும், சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு வருவார் கணவர். விரலில் குத்துவார். எண்ணைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "பாரு, அழுதல்ல, ஏறிப்போச்சு பாரு" என்பார். என் தம்பிக்காக நான் சிந்திய கண்ணீர் எனக்கு எதிரான சான்றாக எண்ணில் வந்து நின்றது. அவன் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. சுவரில் இருந்த அவன் படத்தைக்கூட நான் பார்க்காத அறைக்கு மாற்றினார்கள்.

அழாமல் இருக்கப் பழகினேன். அழுகை போனபோது மற்ற எல்லாமும் போயிற்று. விடியலில் எழ மனம் வராது. வகுப்பில் பாடம் நடத்தும்போதே சொற்கள் என்னைவிட்டு எங்கோ விலகிப் போய்க்கொண்டிருக்கும். உணவில் சுவையில்லை. சிரிப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வந்தது. காலில் எரிச்சல் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். கண் மங்குகிறதா என்று கேட்பார். பரிசோதனைத் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்பார். நான் ஒருமுறை, ஐயா, எனக்கு வாழவே பிடிக்கவில்லை என்றேன். டென்ஷன் ஆகாதீங்க டீச்சர், நடைப்பயிற்சி போங்க என்று மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார்.

ஒருநாள் மாலை நானும் கணவரும் மாட்டுத்தாவணியில் பேருந்துக்காக நின்றோம். பூச்சந்தையில் கோயிலுக்கு மாலை வாங்கிக்கொண்டு திரும்பும் வழி. மல்லிகை மணம் தாங்காமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். எவ்வளவு நெருக்கமான மணம் அது! அதுவும் வேண்டாதது ஆகிவிட்டதே என்று எனக்கே அச்சமாக இருந்தது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னங்க, நான் இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது என்றேன். அவர் பதறவில்லை. லோ சுகரா இருக்கும் என்று சொல்லி, கடையில் பிஸ்கட் வாங்கி என் கையில் திணித்தார். நான் அதைத் தின்றேன். வேறென்ன செய்வது?

மறு ஆண்டுப் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய நாளில் கோயிலுக்குப் போனேன். எல்லோரும் போன பின் அவள் முன்னால் நின்றேன். நான் வேண்டவில்லை. சண்டையிட்டேன். கொள்ளைநோய்க்கு உரியவள் நீ. அதை அனுப்புகிறவளும் நீ, எடுக்கிறவளும் நீ என்றுதான் உன்னைப் பாடுகிறோம். என் தம்பியை எடுத்துக்கொண்டாய். அவனை நினைத்து அழும் உரிமையையும் எடுத்துக்கொண்டாய். மீதியாக நான் எதற்கு? என்னையும் எடுத்துக்கொள். இல்லையென்றால் நான் சொல்வதைக் கேட்க ஒரே ஓர் ஆளைக் கொடு. இரண்டில் ஒன்றைச் செய். இரண்டும் செய்யாவிட்டால் நீ வெறும் கல்.

இப்படித்தான் சொன்னேன். மென்மையாக்கிச் சொன்னால் அது பொய்யாகும்.

பால்குட நாள் வந்தது. குடம் எடுப்போர் அபிடேகம் முடியும்வரை எதுவும் உண்ணாமல், தண்ணீரும் பானகமும் மட்டும் குடித்திருப்பது எங்கள் குழுவின் வழக்கம். சர்க்கரை நோயாளியான நான் அப்படி இருக்கலாமா என்று ஒருத்தி ஐயப்பட்டாள். பாண்டியம்மாள் அதைச் சிரித்துத் தள்ளினார். "ஒருநாப் பொழுது பட்டினி கெடந்தா சுகர் தானா எறங்கும்டி. ஆத்தாளுக்கும் ஆச்சு, ஒடம்புக்கும் ஆச்சு" என்றார். எங்கள் தெருவில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். சர்க்கரை கூடுவது நோய் என்றால் குறைவது நலம்தானே என்று நினைக்கிறார்கள். குறைவதும் ஆளைக் கொல்லும் என்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எனக்குத் தெரியும். இன்சுலின் போட்டால் உண்ண வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். அன்று காலையும் வழக்கம்போல் கணவர் ஊசியை எடுத்து வைத்தார், வழக்கம்போல் போட்டுக்கொண்டேன், உண்ணாமல் கோயிலுக்குப் போனேன். திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. என்னைக் காத்துக்கொள்ளவும் முயலவில்லை. வாழ்வில் பற்று அற்றுப்போன ஒருத்திக்கு அந்த அளவு அக்கறை எங்கிருந்து வரும்?

குடங்கள் புறப்படும் நேரம் கடந்துகொண்டே போயிற்று. தொடங்கிவைக்க யாரோ ஒரு பெரிய மனிதர் வர வேண்டுமாம். பங்குனி வெயிலில், தலையில் பால் சுமந்த பெண்களை நிற்கவைத்துவிட்டு, அந்த மனிதருக்காகப் பந்தலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நின்றோம். கொட்டு முழங்கியது. என் கைகள் நடுங்கத் தொடங்கியது நினைவிருக்கிறது. வேர்வை முதுகில் வழிந்ததும் நினைவிருக்கிறது. அதன் பிறகு நிகழ்ந்தவற்றை என் கணவரும், எதிர்வீட்டு ஜமுனா அக்காவும் பிறகு சொன்னவற்றைக் கொண்டே எழுதுகிறேன்.

என் உடல் ஆடியிருக்கிறது. குடம் சாயப்போவதைக் கண்டு யாரோ வாங்கியிருக்கிறார்கள். கண் செருகி, தலை சுழன்று, சொல் குழறியிருக்கிறது. பெண்கள் குலவையிட்டார்கள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று சொல்லிச் சூழ்ந்துகொண்டார்கள். கொட்டுக்காரர்கள் அருகே வந்து இன்னும் வேகமாக அடித்தார்கள். என் முகத்தில் மஞ்சள்நீர் தெளித்து, கையில் வேப்பிலை கொடுத்து, பாண்டியம்மாள் என் காலில் விழுந்தார். என்ன குறை ஆத்தா, உத்தரவு சொல் என்று கேட்டார்.

அப்போது நான் பேசியிருக்கிறேன். நான் வகுப்பில் பேசும் தமிழ் அன்று என் நாவில் இல்லை. என் தாய் வயல் வரப்பில் நின்று பேசிய தமிழ் வந்ததாம்.

"ஏண்டா முத்துராமா, தெனமும் இவ வெரல்ல குத்தி ரத்தம் பாக்குறியே, ஒருநாளாச்சும் இவ மூஞ்சியப் பாத்தியா? இவ சாகணும்னு கெடக்காடா. எம்புட்டு நாளாச் சொல்றா. ஒனக்குக் காது எங்கடா போச்சு?"

கொட்டு நின்றுவிட்டது. கைகட்டி நின்ற கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாண்டியம்மாள், என்ன செய்ய வேண்டும் தாயே, பொங்கல் வைக்கவா, கூழ் ஊற்றவா என்று கேட்டிருக்கிறார்.

"ஒரு கூழும் வேணாம். அவ தம்பியப் பத்தி அவ பேசணும். வாய மூடிக்கிட்டுக் கேளுங்க, போதும்."

இறங்கி வந்த அம்மனுக்குத் தாகம் தணிக்கப் பானகம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பந்தலில் அடியார்களுக்காகப் பெரிய அண்டாவில் பானகம் கரைத்து வைத்திருந்தார்கள். அன்று காலையில்தான் அதைப் பங்கிட்ட பெண், டீச்சருக்கு ஆகாது என்று எனக்கு மட்டும் குவளையைக் காட்டாமல் கடந்து போயிருந்தாள். இப்போது அவளே சொம்பு நிறைய மொண்டு வந்து என் வாயில் வைத்தாள். எனக்கு மறுக்கப்பட்ட வெல்லம் அம்மனுக்கு மறுக்கப்படவில்லை. நான் குடித்தேன். இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தேனாம்.

நடுக்கம் மெல்ல அடங்கியது. சாமி மலையேறிவிட்டது என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜமுனா அக்கா உள்ளே வந்திருக்கிறார். அவர் சௌராட்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். துணிக்கடை வைத்திருந்த கணவர் காலமாகிவிட்டார், மகன்கள் வெளியூரில். என்னைவிட நெடுங்காலம் சர்க்கரையோடு வாழ்பவர். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது லோ சுகர்டி. ஆத்தாவுக்குப் பானகம் குடுத்தாச்சுல்ல, டீச்சருக்கு இட்லி கொண்டாங்க. ரெண்டு பேருக்கும் பசி."

எனக்குத் தெளிவு வந்தபோது என்னைச் சுற்றி அத்தனை பேர் வாய்மூடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் என்னைப் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் என் எதிரில் வந்து அமர்ந்தார். கையில் கருவி இல்லை. நீ சொன்னாயா, ஆத்தா சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை என்றார். யார் சொன்னால் என்ன என்றேன். தலை குனிந்தபடியே கேட்டார்.

"சாகணும்னு நெனச்சது நெசமா செல்வி?"

"நெசந்தான்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

எனக்குள் மூண்ட சினத்தை எப்படிச் சொல்வேன். "சொன்னேங்க. மாட்டுத்தாவணியில ஒங்க கையப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னேன். லோ சுகர்னு பிஸ்கட் வாங்கிக் குடுத்தீங்க. இன்னக்கி நெசமாவே லோ சுகர் வந்துச்சு, ஆத்தான்னு கால்ல விழுந்தீங்க" என்றேன்.

அவர் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். தம்பியைப் பற்றிப் பேசினேன். அவன் சிறுவயதில் கண்மாயில் மூழ்கப் பார்த்தது, முதல் சம்பளத்தில் எனக்குக் கைக்கடிகாரம் வாங்கியது, சர்க்கரை வந்த பிறகும் எனக்குத் தெரியாமல் சீனிச்சேவு தின்றது. எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூட இடையில் புகுந்து பேசவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். விரதத்தன்று நிகழ்ந்ததை அறிந்து அவர் கடிந்துகொண்டார். அது முறைதான். வழக்கம்போல் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். என் கணவர் அதன்மேல் கையை வைத்தார். "இது கெடக்கட்டும் டாக்டர். இவளுக்கு மனசு சரியில்ல. சாகணும்னு நெனைக்கிறா" என்றார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். அதே சொற்களை நான் சொன்னபோது நிமிராத தலை அது. நோயாளி சொன்னால் புலம்பல், கணவன் சொன்னால் செய்தி! ஆனாலும் அவர் அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு அவருக்கு நன்றி.

மனநல மருத்துவர் ஓர் இளம்பெண். என் சர்க்கரை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் தம்பி பெயர் என்னம்மா என்றார். கதிரேசன் என்றேன். அந்தப் பெயரை அந்நியர் ஒருவர் முன் உரக்கச் சொன்ன கணத்தில் என் நெஞ்சுக்கூடு விரிந்து மூச்சு உள்ளே போயிற்று. இது உங்கள் குணமல்ல, நம்பிக்கைக் குறைவுமல்ல, சர்க்கரையைப் போல் இதுவும் ஒரு நோய், இதற்கும் மருத்துவம் உண்டு என்று அவர் பொறுமையாக விளக்கினார். நீடித்த சர்க்கரையும் இந்த மனவாட்டமும் ஒன்றையொன்று வளர்க்குமாம். தொற்றுக்குப் பின் என்னைப் போல் வருகிறவர்கள் பலராம். மாத்திரையும் கொடுத்தார், பேசவும் அழைத்தார். உடனே தேறவில்லை. மாதங்கள் ஆயின. ஒருநாள் காலையில் குழம்பில் உப்பு குறைவு என்று நான் சண்டை பிடித்தபோது கணவர் மகிழ்ச்சியில் சிரித்துவிட்டார். சுவை திரும்பிவிட்டது என்று அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

அன்று வந்தது அம்மனா, சர்க்கரைக் குறைவா என்று என்னை இன்னமும் கேட்கிறார்கள். மருத்துவப்படி சர்க்கரைக் குறைவு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் வேண்டியது என்ன? என்னை எடுத்துக்கொள், அல்லது கேட்க ஓர் ஆளைக் கொடு. அவள் என்னைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தி, தெருவையே கேட்கவைத்து, தன் பேரால் பானகம் புகட்டித் திருப்பி அனுப்பினாள். வேறு எந்த வழியில் வந்திருந்தாலும் இவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். என் வேண்டுதலுக்கு விடை கிடைத்தது என்று ஆணையிட்டுச் சொல்வேன்.

ஆனால் அந்த விடையைக் கேட்டு நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்து போவதை மட்டும் பொறுக்க மாட்டேன். அடுத்த வாரமே ஒருத்தி தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று என்னிடம் குறி கேட்க வந்தாள். அடுத்த ஆண்டு பாண்டியம்மாள், ஆத்தா உன்மேல்தான் வருவாள், விரதம் இரு என்றார். மதினி, என்னைப் பட்டினி போட்டுத்தான் அவள் வர வேண்டுமென்றால் அவள் வர வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிப் போனார். பிறகு மெல்ல, தனக்கும் சர்க்கரை இருக்கிறது என்றும், மூத்த மகன் வீட்டுக்கு வருவதை நிறுத்தியதிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லை என்றும் சொன்னார். அத்தனை ஆண்டுகள் அடுத்த வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது. அன்று முழுதும் அவர் பேச, நான் கேட்டேன். ஜமுனா அக்காவும் அப்படியே. தன் துயரத்தைத் தாய்மொழியில் சொல்லி அழ வீட்டில் ஆளில்லை என்றார். சொல்லுங்கள், புரியாவிட்டாலும் கேட்கிறேன் என்றேன். சௌராட்டிரத்தில் அவர் கொட்டித் தீர்த்ததில் பாதிகூட எனக்கு விளங்கவில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது வெள்ளிதோறும் பூசை முடிந்ததும் சர்க்கரைக்காரர்கள் நாங்கள் சிலர் கோயில் மண்டபத்தில் அமர்கிறோம். எண்ணைச் சொல்லக்கூடாது என்பது ஒன்றே அங்கு விதி. மற்ற எதையும் சொல்லலாம். அழலாம். அம்மனைத் திட்டலாம். விரதம் இருக்க விரும்புவோர் மருத்துவரைக் கேட்ட பிறகே இருக்கிறோம். நானும் என் குடத்தை உண்ட பிறகுதான் எடுக்கிறேன். அவள் அதற்காகச் சினந்ததாக எந்த அறிகுறியும் இல்லை.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் சர்க்கரையோ, அதைப்போல் தீராத வேறொன்றோ சுமக்கிற ஒருவர் இருப்பார். அவர் வாய் திறந்து, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் கருவியைத் தேடாதீர்கள். உபதேசம் செய்யாதீர்கள். நம்பிக்கை போதாது என்று நாக்கூசாமல் சொல்லாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், பிறகு கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் உங்களிடம் மனித வாயால் சொல்லும்போதே கேளுங்கள். நீங்களே அந்த நோயாளி என்றால், ஒருவர் கேட்கவில்லையென்று நிறுத்திவிடாதீர்கள். அடுத்தவரிடம் சொல்லுங்கள். கோயிலுக்கு வந்து அவளிடமும் சொல்லுங்கள். பணிந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. சினத்தோடு வந்தவளையும் அவள் தள்ளவில்லை. அதற்கு நானே சாட்சி.

தம்பியை எடுத்துக்கொண்டதற்கு நான் அவளை மன்னிக்கவில்லை. அவளிடமே அதைச் சொல்லிவிட்டேன். இன்னும் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருக்கின்றன. அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவரை நான் இருக்க வேண்டும், இருக்கிறேன், இருக்க விரும்புகிறேன்.